பார்வை விலகல்

மே 3, சேலம்

தேர்வுத் தேதி வந்துவிட்டது. பி.ஏ. அரசியல் அறிவியல், கடைசிப் பருவம், மூன்று தாள். 14, 19, 23. அந்த மூன்று நாளும் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஓனருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை குடோனில் புனேவுக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓனர் நாச்சிமுத்துவிடம் தேதியைச் சொன்னேன்.

"ஏப்பா மாதேசு, லாரி என்ன டிகிரி இருந்தாத்தான் ஓடுவேங்குதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மகன் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறான். எதுக்குப்பா டிகிரி என்று அவனை ஒருத்தரும் கேட்டதில்லை.

டீ வந்தது. கரீம் பாய்க்குக் கண்ணாடி கிளாஸ், எனக்குப் பேப்பர் கப். இந்த வண்டியில் ஏறின நாளிலிருந்து அப்படித்தான். பாய் என்னோடு வண்டி ஓட்டும் இன்னொரு டிரைவர், கிருஷ்ணகிரிக்காரர், ஐம்பது தாண்டியவர். "எனக்கு சுகரு" என்று சொல்லிவிட்டு டீயைத் தொடாமல் எழுந்தார். கொண்டலாம்பட்டி தாண்டி ஒரு கடையில் நிறுத்தி, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை அதிகம் போடச் சொல்லிக் குடித்தார். விசித்திரமான மனுஷன்.

மே 7, தும்கூர் பைபாஸ்

புனேவில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஸ்டெப்னி மாற்றினோம். சட்டை பூரா கிரீஸ்.

தேர்வு விதிகளைப் படித்தேன். வீட்டில் இருந்தபடியே எழுதலாம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நாலு சுவர் உள்ள தனி அறை வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். வேறு ஆள் இருக்கக் கூடாது. கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சாஃப்ட்வேர் நம் கண்ணைக் கவனிக்கும்.

நாலு சுவர் உள்ள தனி அறை. எங்கள் வீட்டில் மொத்தமே ஒரு அறை, அதில் ஐந்து பேர். இந்த விதியை எழுதினவருக்குச் சின்ன வயசிலேயே தனி அறை கிடைத்திருக்கும்.

லாரி கேபினுக்கும் நாலு பக்கம் இருக்கிறது. கதவும் சாத்தும்.

ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டிய படிப்பு இது. எனக்கு ஜூன் முப்பதோடு அந்த ஆறு வருஷம் தீர்கிறது. டவர் கிடைக்காமல் விட்ட தாள், லோடு இறங்காமல் விட்ட தாள் என்று இழுத்து இழுத்து இங்கே வந்து நிற்கிறேன். இந்த மூன்றில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. முதல் தாளிலிருந்து திரும்பவும்.

மே 10, கோலாப்பூர் தாண்டி

அடுத்த புனே லோடு. பாய்க்கு வக்கீலிடமிருந்து போன். மறுபடியும் வாய்தா.

ஆந்திராவில் ஏழு வருஷமாக ஒரு கேஸ். குடித்துவிட்டு ராங் சைடில் வந்த பைக், பாய் ஓட்டின வண்டியில் மோதியது. பையன் செத்துப்போனான். நம் ஊரில் பெரிய வண்டி மோதினாலும் பெரிய வண்டிதான் தப்பு, பெரிய வண்டி மேல் வந்து மோதினாலும் பெரிய வண்டிதான் தப்பு. பாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவார். தெலுங்கில் ஏதோ தாள் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, அவரது வக்கீலுக்கும் சொல்ல நேரமில்லை.

எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் கிளாடிஸ் என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். மார்த்தாண்டத்துக்காரி, சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. "பி.ஏ. முடிச்சிட்டு சட்டம் படிக்கப் போறேன்னு சொன்னியே, எதுக்கு?" என்று கேட்டாள். சம்பாதிக்க என்றேன். அதுதான் உண்மை. பாய் கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

மே 14, புனே

முதல் தாள் முடிந்தது.

மூன்று நாள் காத்திருந்து லோடு இறக்கிவிட்டு, குடோன் வளாகத்துக்குள்ளேயே வண்டியை ஓரங்கட்டினோம். ஸ்டியரிங் மேல் ஒரு பலகையைக் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் என்னுடைய பழைய லேப்டாப். டிரைவர் சீட்டில்தான் எனக்கு முதுகு நிற்கும். பாய் போனிலிருந்து நெட். அவர் கேபினுக்குள் இருக்கக் கூடாது, தூரமாகவும் போகக் கூடாது. வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டார்.

ஆரம்பத்திலேயே தகராறு. அறையைச் சுற்றிக் காட்டு என்றது. காட்டினேன். "அறையில் வேறொரு நபர் இருக்கிறார்" என்று சிவப்பாக எழுத்து வந்தது. திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், யாருமில்லை. மறுபடியும் வேறொரு நபர். எனக்கு வியர்த்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, மீசையோடு, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார் முனியப்பன். டேஷ்போர்டு படம்.

துண்டை எடுத்து முனியப்பன் மேல் போட்டேன். நபர் போய்விட்டார்.

முடித்து இறங்கியதும் சொன்னேன். பாய் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராமலே சிரித்தார். "உங்க சாமிய பிட்டு குடுக்க வந்தவன்னு நெனச்சிருச்சாடா? அவரு என்ன படிச்சிருக்காருன்னு கேக்கலியா?"

தாள் சுலபம். ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போனது.

மே 19, பிம்பல்காவ் வெங்காய மண்டி

இரண்டாம் தாள். முனியப்பனுக்கு முன்கூட்டியே துண்டு. தகராறு இல்லை.

வெங்காய நெடி கண்ணில் ஏறி, பாதி நேரம் அழுதுகொண்டே எழுதினேன். அதற்கு சாஃப்ட்வேர் ஒன்றும் சொல்லவில்லை.

மே 23, ஹூப்ளிக்குத் தெற்கே

மூன்றாம் தாள், இந்திய அரசியலமைப்பு. எனக்குப் பிடித்த தாள்.

தாபாவில் நிறுத்தி எழுதுவதாகத் திட்டம். போனால் அங்கே டவர் இல்லை. பாய் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டவர் முழுதாகக் கிடைக்கும்வரை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். கிடைத்த இடம் ஹைவே ஓரம். அங்கேயே நிறுத்தினோம். ஒவ்வொரு லாரி போகும்போதும் கேபின் ஆடியது. எழுதினேன். ஒரு வரி விடவில்லை. கடைசிக் கேள்விக்கு விடை எழுதும்போது, இதை நான்தான் எழுதுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பாய் வெயிலில் கறுத்துப்போயிருந்தார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை போல. "நல்லா எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார். "பிரிச்சுட்டேன் பாய்" என்றேன். நான் பெருமை பேசுகிறவனில்லை. ஆனால் பிரித்துவிட்டேன்.

ஜூன் 2, சேலம்

காப்பியடித்தேனாம்.

ஜூன் 3, சேலம்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. பல்கலைக்கழக மெயிலில் இருந்தது இதுதான்: மூன்றாம் தாளில் தேர்வர் தொடர்ந்து திரைக்கு வெளியே, குறிப்பாக வலப்பக்கம் பார்த்துள்ளார். காரணம்: பார்வை விலகல். முறைகேடு எனச் சந்தேகம். முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது. முறைகேடு உறுதியானால் பருவம் முழுதும் ரத்து.

பருவம் ரத்து என்றால் ஆறு வருஷமும் ரத்து.

உதவி எண்ணுக்குப் போட்டேன். பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"வலப்பக்கம் யாரு சார் இருந்தாங்க?"

"யாருமில்லம்மா. கண்ணாடிதான் இருந்துச்சு. லாரில உக்காந்து எழுதுனேன்."

"லாரியிலயா? சார், நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?"

"லாரி டிரைவர்."

"ஓ. சரிங்க. மெயில்ல வந்தத ஃபாலோ பண்ணுங்க" என்றாள். அந்த "ஓ"-வை எனக்கு நன்றாகத் தெரியும். லிஃப்டில், பேங்கில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எல்லாம் கேட்டிருக்கிறேன். டிரைவர் படிக்கிறான் என்றால் ஆச்சரியம், டிரைவர் காப்பியடித்தான் என்றால் "ஓ".

நான் காப்பியடிக்கவில்லை. ஆனால் வலப்பக்கம் ஏன் பார்த்தேன்? பார்த்த ஞாபகமே இல்லை.

ஜூன் 5, ஓசூர் பக்கம்

தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தது பாய்.

மத்தியானம் வண்டி நிழலில் அடுப்பு வைத்து, தக்காளி சாதம் கிளறினோம். கீழே சாக்கில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாய் சோற்றில் கை வைத்தபடியே என்னையே பார்த்தார்.

"அங்க என்னடா பாக்குற?"

"எங்க?"

"ரோட்டுல வண்டி ஆரன் அடிக்கறப்பல்லாம் வலது பக்கம் திரும்புற. அங்க புளியமரந்தான் இருக்கு. பொண்ணு கிண்ணு நிக்குதா?"

நான் நம்பவில்லை. பாய் தன் போனில் எடுத்துக் காட்டினார். சோறு பிசைகிறேன். பின்னால் ஒரு ஹாரன். என் கண் சட்டென்று வலது மேல் மூலைக்குப் போகிறது, திரும்புகிறது. வண்டியில் உட்கார்ந்தால் சரியாக அங்கேதான் சைடு மிரர் இருக்கும். தரையில் உட்கார்ந்தும் கண் அங்கே போகிறது. நான் பார்க்கவில்லை. அதுவாகப் போகிறது.

முதல் இரண்டு தாளும் மதில் சுவருக்குள். பின்னால் வண்டி வராது. மூன்றாவது ஹைவே ஓரம்.

"கண்ணாடி பாக்காத டிரைவரு மூணு நாள் உசுரோட இருப்பானா?" என்றார் பாய். "அதப் போயி தப்புங்கறானுங்களே."

குழுவில் எழுதினேன். உடனே கிளாடிஸிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. "எனக்கும் ஹோல்டு போட்டாச்சு மக்கா. வெக்கத்துல ஆருட்டயும் சொல்லல. டியூட்டி ரூம்ல இருந்து எழுதினேன். வார்டுல மானிட்டர் கத்துனா தல தானா நிமிரும். பீப் கேட்டு நிமிந்து பாக்காத நர்ஸ எந்த ஆஸ்பத்திரிலயாவது வச்சுகிடுவாவளா?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், கேட்டைப் பார்த்தவர். கைக்குழந்தைக்காரி, தொட்டிலைப் பார்த்தவள். எல்லாருக்கும் அதே மெயில். எல்லாரும் தனித்தனியாக, தான் மட்டும்தான் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பே வேலை செய்கிறவர்களுக்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். வேலை செய்கிறவன் எப்படிப் பார்ப்பான் என்று மட்டும் அந்த சாஃப்ட்வேருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விசாரணை கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன். முதல் ஆளாக.

ஜூன் 8, சிரா

தார்ப்பாய் கிழிந்தது. தைத்தோம். விசாரணைக்கு 12ஆம் தேதி, வீடியோவில். பயமெல்லாம் இல்லை. தூக்கம்தான் வரவில்லை.

ஜூன் 12, கோலாப்பூர்

விசாரணை காலை பதினொன்றுக்கு. பெட்ரோல் பங்க் மேனேஜரிடம் பாய் பேசி, ஒரு சின்ன ரூம் வாங்கிக் கொடுத்தார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டேன்.

திரையில் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா, வெள்ளை முடி. பக்கத்தில் ஒரு சார், அவர்தான் அதிகம் பேசினார்.

"வண்டி ஓட்டிக்கிட்டே எழுதுனீங்களா?"

"இல்ல சார். நிறுத்தி வச்சு எழுதுனேன்."

"நிக்கிற வண்டியில எதுக்குக் கண்ணாடி பாக்கணும்?"

"அதான் சார் எனக்கும் தெரியல. கண்ணு பாக்குது."

"இந்த மாதிரி கதை நாங்க நிறைய கேட்டாச்சுப்பா."

அந்த "ப்பா" காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் ஏறியது. கத்தியிருப்பேன். ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் நின்று, கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். லோடு வண்டி சரிவில் இறங்கும்போது காட்டுவாரே, அதே சைகை. மெதுவா, மெதுவா.

"அந்த வீடியோவ நீங்க பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ரிப்போர்ட் பாத்தோம்."

"எனக்கு வீடியோவப் போட்டுக் காட்டுங்க."

"அதெல்லாம் தர்றதுக்கு விதி இல்ல."

"என்மேல குத்தம் சொல்றீங்க. சாட்சிய என் கண்ணுல காட்ட மாட்டேங்கறீங்க. அது கூடாதுன்னு உங்க பாடத்துலதான் சார் படிச்சேன். இயற்கை நீதின்னு தனிப் பாடமே இருக்கு. நீங்க ரத்து பண்ண நினைக்கிற தாள்ல அதுக்குப் பதில் எழுதியிருக்கேன்."

அந்த சார் வாயைத் திறந்தார். தலைவர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "போடச் சொல்லுங்க. நானும் பாக்கணும்" என்றார்.

போட்டார்கள். என் முகம், வியர்வை. கண் வலதுபக்கம் போகிறது. "பாருங்க" என்றார் சார்.

"சத்தம் வைங்க மேடம்" என்றேன். சாஃப்ட்வேர் பார்ப்பது கண்ணை மட்டும்தான். அதற்குக் காது கிடையாது. அவர்களும் சத்தமில்லாமல்தான் ஓட்டினார்கள்.

சத்தம் வைத்தார்கள். ஹாரன், கண் போகிறது. தூரத்தில் லாரி இரைச்சல் நெருங்குகிறது, கண் போகிறது. அமைதி, கண் திரையில். மறுபடி ஹாரன், கண். ஹாரன், கண். அம்மா முதலில் முன்னால் குனிந்து பார்த்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடிக்க, திரையில் நான் மிரரைப் பார்த்து, கையால் போ போ என்று வழிவிடவும் செய்தேன். அது எனக்கே தெரியாது. மூன்றாவது ஆள், அதுவரை பேசாதவர், சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"மாதேஷ், நீங்க தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியுது" என்றார் அம்மா. "ஆனா விதிப்படி இத அப்படியே பாஸ்னு போட முடியாது. நேர்ல வந்து ஒரு மேற்பார்வையாளர் முன்னாடி அந்தத் தாள மறுபடி எழுதுறீங்களா? இந்த மாசமே?"

"எத்தன மேற்பார்வையாளர் வேணும்னாலும் உக்காத்தி வைங்க மேடம்."

நானே தொடர்ந்தேன். "இன்னொண்ணு. என்னை மாதிரி இன்னும் பத்து பேர் இருக்காங்க. அவங்க வீடியோவையும் சத்தம் வச்சுப் பாருங்க" என்றேன். பெயர்களைப் படித்தேன். அந்த சார் எழுதிக்கொண்டார். எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது, அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன். பாய் பங்கில் இருந்த பைப்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஜூன் 20, சேலம்

தேர்வு 25ஆம் தேதி, தருமபுரியில். ஓனரிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். ஆள் இல்லை என்றார். 24ஆம் தேதி சேலத்தில் லோடு ஏற்றி உடனே பெங்களூர் தாண்ட வேண்டுமாம். "அந்தப் பரீட்சதான் எழுதியாச்சேப்பா, மறுபடி என்ன? ஃபெயிலா?" என்றார். வேலையை விட்டுவிடலாம் என்று பாயிடம் சொன்னேன். "வாய மூடிட்டு லோடு ஏத்து" என்றார். அவரும் அப்படிப் பேசினது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 24, தருமபுரி பைபாஸ்

தொப்பூர் மலை ஏறி வந்ததும் வண்டி படுத்துவிட்டது. கிளட்ச் போய்விட்டது என்றார் பாய். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஓனருக்குப் போன் போட்டார். ஓனர் திட்டினது எனக்கே கேட்டது. நாளை சாயங்காலம்தான் மெக்கானிக் வருவானாம்.

தருமபுரியில் போய் நின்றது நல்லதாகப் போயிற்று. தேர்வு மையம் நடக்கிற தூரம்.

ஜூன் 25, தருமபுரி

எழுதிவிட்டேன். பெரிய ஹால், நான் ஒருவன், மேற்பார்வையாளர் ஒருவர். நடுவில் வெளியே ஒரு டிப்பர் ஹாரன் அடித்தது. என் தலை சுவர் பக்கம் திரும்பியது. மேற்பார்வையாளர் அந்தச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டிரைவர் சார்" என்றேன். "சொன்னாங்க" என்றார். சிரித்தார்.

எல்லாக் கேள்விக்கும் எழுதினேன். போன தடவையைவிட நன்றாகவே.

வண்டிக்குத் திரும்பினேன். மெக்கானிக் வரவில்லை. பாய் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கிளட்ச்சை மிதித்தார், கியர் விழுந்தது, வண்டி கிளம்பிவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

காவேரிப்பட்டணம் தாண்டின பிறகு கேட்டார். "சட்டப் படிப்பு எத்தன வருசம்?"

"மூணு வருசம் பாய்."

"அதுவரைக்கும் வாய்தா குடுத்துட்டுத்தான் இருப்பானுங்க. நீ பொறுமையாப் படி."

சம்பாதிக்கத்தான் படிக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 18, நாமக்கல்

பாஸ். மூன்று தாளும். அரசியலமைப்பில் எழுபத்தெட்டு.

கிளாடிஸும் பாஸ். வாட்ச்மேன் அண்ணனும், தொட்டில் அக்காவும். பதினோரு பேரில் பத்துப் பேர். பதினோராவது ஆள் இனிமேல்தான் எழுத வேண்டும், அவருக்கு நேரம் இருக்கிறது. இனித் தேர்வில் சந்தேகம் வந்தால் முதலில் வீடியோவைச் சத்தத்தோடு பார்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. பதினோரு பேரும் அதை ஆளுக்கொரு தடவை குழுவில் போட்டார்கள். கிளாடிஸ் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். மூன்று தடவை கேட்டேன். புரியாததால்.

ஜூலை 22, நாமக்கல்

வண்டிக்கு வருஷ வேலை. பாடி பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் தார்ப்பாய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் டிரைவர் பக்கக் கதவில், ஓனர் பெயருக்குக் கீழே, மஞ்சளில் சிவப்பு நிழல் கட்டி எழுதியிருக்கிறது: ஓட்டுநர்கள் அ. கரீம், மா. மாதேஷ் பி.ஏ.

பெயிண்டர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் ஒன்றும் தெரியாதவர்போல டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓனர் வந்தார். கதவைப் பார்த்தார். முகம் மாறியது.

"யாரக் கேட்டு எழுதுனீங்க?"

"நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றார் பாய்.

"வண்டி யாருது?"

"வண்டி உங்களுது ஓனர். டிகிரி அவனுது. புடிக்கலைன்னா அழிச்சிருங்க. சாவி இந்தா இருக்கு. நாளைக்குக் காலைல வேற ரெண்டு பேரப் பாத்துக்கங்க."

இந்த சீசனில் ஒரு டிரைவர் கிடைப்பதே கஷ்டம் என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். வெல்டிங் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நான் ஓனரைப் பார்த்தேன். அவரே கண்ணை எடுக்கட்டும் என்று பார்த்தேன்.

எடுத்தார். கதவைத் திரும்ப ஒருமுறை படித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எழுதுனது இருக்கட்டும். அந்த பி.ஏ.வ மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்லு. எம்பேர விடப் பெருசா இருக்குது."

"சின்னதாக்க முடியாதுங்க" என்றார் பெயிண்டர். "அடிச்சது அடிச்சதுதான்."

பட்டறையே சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து இல்லை.

ஜூலை 23, கொண்டலாம்பட்டி

காலையில் நாசிக் லோடு. பெயிண்ட் காய ஒரு நாள் விடச் சொன்னார்கள். விடவில்லை. இங்கே நிறுத்திப் பார்த்தேன். எழுத்தில் புழுதி ஒட்டியிருக்கிறது. துடைக்கவில்லை. அடுத்து என் முறை, நான் ஓட்டப்போகிறேன்.